குழுவுக்கு இசைந்த மந்திரவாதி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்)

மந்திரவாதி என்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எனப்படும் மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டில் ஆட்டக்காரர் ஒருவர் தேர்ந்தெடுக்கக்கூடிய பாத்திர வகைகளுள் ஒன்று ஆகும். ஆங்கிலத்தில் இது விசார்ட் என அழைக்கப்படுகிறது. தான் கற்ற மந்திரங்களை ஒரு சுவடியில் எழுதி வைத்துக்கொண்டு, நாள்தோறும் அவற்றுள் சிலவற்றை ஆயத்தம் செய்து பயன்படுத்துவது இவ்வகையின் இயல்பாகும்.

இவ்வகையின் சிறப்பே அதன் சிக்கலும் ஆகும். போர்வீரர் சண்டையிலும், கள்வர் பூட்டுத் திறப்பதிலும் ஒளிந்து செல்வதிலும், சமயகுரு காயம் ஆற்றுவதிலும் தேர்ந்தவர்கள். மந்திரவாதியோ தக்க மந்திரம் கைவசம் இருந்தால் இவற்றுட் பலவற்றைத் தானே செய்துவிடுவார். அவ்வாறு செய்யத் தொடங்கினால், மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஏனைய ஆட்டக்காரர்களுக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை இராது. எனவே மந்திரவாதியை வலிமையாக உருவாக்குவது ஒரு கேள்வி, குழுவுக்கு உதவும் வகையில் உருவாக்குவது இன்னொரு கேள்வி. இவ்விரண்டிற்கும் பெரும்பாலும் ஒரே விடை இருப்பதை இவ்விளையாட்டின் கணக்குகள் காட்டுகின்றன.

இக்கட்டுரையில் உள்ள எண்கள், வேறு குறிப்பு இல்லாத இடங்களில், 2014 ஆம் ஆண்டு வெளியான ஐந்தாம் பதிப்பின் விதிகளைச் சார்ந்தவை.

விளையாட்டு முறை

ஒருவர் ஆட்ட நடத்துநராக இருந்து கதையுலகையும் எதிரிகளையும் இயக்குவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். இப்பாத்திரங்கள் சேர்ந்ததே குழு. ஒரு செயலின் வெற்றி தோல்வி ஐயத்துக்குரியதாக இருந்தால் இருபது முகப் பகடை உருட்டப்படும். அதில் விழும் எண்ணுடன் பாத்திரத்தின் திறன் மதிப்பு கூட்டப்பட்டு, குறித்த இலக்கை எட்டினால் வெற்றி. தாக்குபவர் உருட்டுவது தாக்கு வீச்சு எனவும், மந்திரத்திலிருந்து தப்ப முயல்பவர் உருட்டுவது தடுப்பு வீச்சு எனவும் இங்கு குறிப்பிடப்படுகின்றன. பட்டறிவு சேரச் சேரப் பாத்திரம் 1 ஆம் நிலையிலிருந்து 20 ஆம் நிலை வரை உயரும்.

இவ்விளையாட்டில் எவரும் தனியாக வெல்வதில்லை, தனியாகத் தோற்பதும் அரிது.

வரலாறு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974 ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோரால் ஆக்கப்பட்டு, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இயங்கிய டிஎஸ்ஆர் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. முதல் நூல்களில் போர்வீரர், மந்திரம் கையாள்பவர், சமயகுரு என மூன்றே வகைகள் இருந்தன. கள்வர் வகை 1975 ஆம் ஆண்டின் கிரேஹாக் இணைப்பு நூலிலேயே சேர்க்கப்பட்டது. ஆனால் பூட்டைத் திறக்கும் மந்திரமும், கண்ணுக்குத் தெரியாமல் மறையும் மந்திரமும் 1974 நூலிலேயே இடம்பெற்றிருந்தன. அதாவது கள்வரின் வேலையைச் செய்யும் மந்திரங்கள் கள்வருக்கு ஓராண்டு மூத்தவை. பிற்காலத்து மனத்தாங்கல்களுக்கு வித்து இங்கேயே ஊன்றப்பட்டுவிட்டது எனலாம்.

மந்திரத்தை மனத்தில் பதித்து, ஒருமுறை பயன்படுத்தியதும் அது மறந்துபோகும் என்ற கருத்து, ஜாக் வான்ஸ் 1950 இல் வெளியிட்ட த டையிங் எர்த் என்னும் நூலிலிருந்து பெறப்பட்டது. 1978 ஆம் ஆண்டின் ஆட்டக்காரர் கையேட்டில், முதல் நிலை மந்திரவாதிக்கு ஒரு நான்கு முகப் பகடை அளவே உயிர்ப் புள்ளிகள், நாளொன்றுக்கு ஒரே ஒரு மந்திரம். இரண்டாம் நிலைக்கு உயரப் போர்வீரருக்கு 2,001 பட்டறிவுப் புள்ளிகள் போதும். மந்திரவாதிக்கு 2,501 வேண்டும். தொடக்கத்தில் மந்திரவாதியைப் பிறர் காத்தனர், இறுதியில் அவர் பிறரைக் காத்தார். சமநிலை ஆட்டத்தின் ஆண்டுக்கணக்கான நீட்சியில் இருந்ததே தவிர, ஓர் அமர்வில் இருக்கவில்லை. போர்வீரரின் வளர்ச்சி நேர்கோடு, மந்திரவாதியின் வளர்ச்சி இருபடிக் கோடு என்று ஆட்டக்காரர்கள் இதனைக் குறிப்பிடுவது வழக்கம்.

1997 இல் டிஎஸ்ஆர் நிறுவனத்தை விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2000 ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு எல்லா வகைகளுக்கும் ஒரே பட்டறிவு அட்டவணையைத் தந்தது. இதனால் மந்திரவாதிக்கு இருந்த தாமதம் நீங்கியது, வலிமையோ குறையவில்லை. 2008 ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பு குழுவில் நான்கு பணிகளை வெளிப்படையாகவே வகுத்து, மந்திரவாதிக்குக் களத்தைக் கட்டுப்படுத்தும் பணியை அளித்தது. 2014 ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு அப்பெயர்களைக் கைவிட்டாலும், ஒருமுனைப்பு என்னும் விதி மூலம் மந்திரவாதிக்குக் கடிவாளம் இட்டது.

ஒருமுனைப்பு விதி

நீடித்திருக்கும் மந்திரங்களுள் பெரும்பாலானவற்றிற்கு ஒருமுனைப்பு தேவை. ஒரே நேரத்தில் இத்தகைய மந்திரம் ஒன்றை மட்டுமே தாங்க முடியும். இரண்டாவதைத் தொடங்கினால் முதலாவது அக்கணமே முடிவடையும். மந்திரவாதி அடிபட்டால் 10 அல்லது பட்ட அடியில் பாதி, இவற்றுள் எது பெரிதோ அதனை உடற்கட்டுத் தடுப்பு வீச்சில் எட்ட வேண்டும். தவறினால் மந்திரம் கலையும்.

இவ்விதியின் விளைவு ஆழமானது. மந்திரவாதி தன்னையே பறக்கச் செய்து, மறையச் செய்து, விரைவுபடுத்திக்கொண்டு ஒற்றை ஆளாகச் செல்லும் வழி இதனால் அடைபட்டது. இருக்கும் ஒரே இடத்தில் எந்த மந்திரத்தை வைத்தால் மிகுந்த பயன் விளையும் என்று பார்க்கும்போது, பலருக்கு ஒருங்கே உதவும் மந்திரமே பெரும்பாலும் விடையாக அமைகிறது.

முதல் நிலைப் பாத்திரம்: ஓர் எடுத்துக்காட்டு

பாத்திரத்தின் ஆறு பண்புகளுக்கு 15, 14, 13, 12, 10, 8 என்னும் எண்களைப் பகிர்ந்தளிப்பது ஒரு வழக்கமான முறை. மந்திரவாதிக்கு அறிவு 15, உடற்கட்டு 14, சுறுசுறுப்பு 13, விவேகம் 12, கவர்ச்சி 10, வலிமை 8 எனக் கொள்ளலாம். பாத்திரம் மனித இனத்தவர் எனில் ஒவ்வொன்றும் ஒன்று கூடும். அறிவு 16 ஆவதால் அதன் மதிப்பு +3. உடற்கட்டு 15 (+2), சுறுசுறுப்பு 14 (+2). உயிர்ப் புள்ளிகள் 8.

உடற்கட்டை இரண்டாவதாக வைப்பது புதியவர்களுக்கு வியப்பளிக்கலாம். மேற்கூறிய ஒருமுனைப்பு வீச்சு இப்பண்பையே சார்ந்தது. மேலும் வீழ்ந்த மந்திரவாதியைத் தூக்கி நிறுத்தச் சமயகுரு தன் முறையைச் செலவழிக்க நேரும். தன்னைக் காத்துக்கொள்வதும் குழுவுக்குச் செய்யும் உதவியே.

தொடக்கச் சுவடியில் ஆறு முதல்தர மந்திரங்கள் இருக்கும். அறிவின் மதிப்பும் நிலையும் கூடிய எண்ணிக்கையில், அதாவது நான்கை அன்றன்று ஆயத்தம் செய்யலாம். சடங்கு எனக் குறிக்கப்பட்ட மந்திரங்களை ஆயத்தம் செய்யாமலே, சுவடியைப் பார்த்து, பத்து நிமிடம் கூடுதலாகச் செலவிட்டு, ஆற்றல் செலவின்றி நிகழ்த்தலாம். ஆகவே நான்கு சாதாரண மந்திரங்களும் இரண்டு சடங்கு மந்திரங்களும் எடுத்தால் ஒன்றும் வீணாகாது. மந்திரக் கவசம், கேடயம், துயில், வழுக்கல் ஆகிய நான்குடன், துணை உயிரியை அழைத்தல், மந்திரம் அறிதல் ஆகிய இரண்டும் சேர்ந்தது நல்லதொரு தொகுதி.

முதல் நிலையில் ஒரு நாளைக்கு இரண்டு மந்திரங்களுக்கே ஆற்றல் உண்டு. சிறு ஓய்வுக்குப் பின் ஒன்றை மீட்கலாம். மந்திரக் கவசம் எட்டு மணி நேரம் நிற்கும். காப்பு எண்ணை 12 இலிருந்து 15 ஆக உயர்த்தும். ஆனால் காலையிலேயே அதனைப் பயன்படுத்தினால் கையிருப்பில் பாதி போய்விடும். குழுவில் உறுதியான போர்வீரர் இருவர் இருந்தால் கவசத்தைத் தள்ளிப்போட்டுத் துயிலுக்கு ஆற்றலைச் சேமிப்பது தகும். முன்னணியில் எவரும் இல்லையெனில் கவசமே முதலில். மந்திரவாதியின் திட்டத்தைப் பக்கத்தில் இருப்பவர் யார் என்பதே முடிவு செய்கிறது.

துயில் மந்திரம் ஐந்து எட்டு முகப் பகடைகளை உருட்டி, அத்தொகை தீரும் வரை குறைந்த உயிர்ப் புள்ளி உடையவர்களிலிருந்து தொடங்கி உறங்கச் செய்யும். சராசரி 22.5. ஏழு புள்ளிகள் கொண்ட காப்ளின் எனப்படும் குட்டிப் பேய்கள் மூன்று இதில் வீழும். ஆனால் இம்மந்திரம் நண்பர், பகைவர் என்று பார்ப்பதில்லை. பரப்புக்குள் மூன்று புள்ளிகளுடன் காயப்பட்டு நிற்கும் தோழரே முதலில் சாய்வார். எனவே சண்டையின் முதல் சுற்றில், தோழர்கள் உள்ளே பாயுமுன் இதனைப் பயன்படுத்த வேண்டும். அதற்கு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

வழுக்கல் மந்திரத்திலும் இத்தகைய நுணுக்கம் உண்டு. அதில் விழுந்தவரை அருகிலிருந்து தாக்குவது எளிதாகும். தொலைவிலிருந்து அம்பு எய்வதோ கடினமாகும். வாள்வீரர் நிறைந்த குழுவுக்கு அது வரம், வில்லாளிகள் நிறைந்த குழுவுக்கு இடையூறு.

தீப்பந்தும் வலையும்

மந்திரவாதி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஐந்தாம் நிலையில் கிடைக்கும் ஃபயர்பால் எனப்படும் தீப்பந்து. இருபது அடி ஆரமுள்ள பரப்பில் எட்டு ஆறு முகப் பகடைகள் அளவு, சராசரியாக 28 புள்ளிகள், சேதம் விளைவிக்கும். தடுப்பு வீச்சில் வென்றவருக்குப் பாதி. பதினைந்து புள்ளிகள் கொண்ட ஓர்க்குகள் ஆறு பேர் கூட்டமாக நின்றால் இதற்கு நிகர் வேறில்லை. (தப்பியவர்களுக்குச் சராசரியாக 14 புள்ளிச் சேதம், ஒரே ஒரு புள்ளியுடன் நிற்கும் அவர்களை எவரும் முடித்துவிடலாம்.)

எதிரே நிற்பது 59 புள்ளிகள் கொண்ட ஓகர் எனப்படும் அரக்கன் ஒருவன் மட்டும் எனில் கதை வேறு. தீப்பந்து அவனைப் பாதியளவுகூட வீழ்த்தாது. அடுத்த முறை அவன் முழு வலிமையுடன் அடிப்பான். இங்கு இரண்டாம் தர மந்திரமாகிய வலை மிகுந்த பயன் தரும். ஐந்தாம் நிலையில் அறிவு 18 உள்ள மந்திரவாதியின் வலையிலிருந்து தப்ப 15 எட்ட வேண்டும். ஓகரின் சுறுசுறுப்பு மதிப்பு -1 ஆகையால் பகடையில் 16 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதற்கான வாய்ப்பு 25 விழுக்காடு. சிக்கிய பின் ஒரு முழுச் செயலைச் செலவிட்டு வலிமையால் அறுக்க முயன்றாலும் வாய்ப்பு 50 விழுக்காடே.

சிக்கியவரைத் தாக்குபவர் சாதக நிலை பெறுகிறார். அதாவது இரண்டு பகடைகளை உருட்டிப் பெரியதைக் கொள்வார். பகடையில் 10 தேவைப்படும் ஒரு தாக்குதலின் வெற்றி வாய்ப்பு வழக்கமாக 55 விழுக்காடு. சாதக நிலையில் இரண்டும் தவறினால்தான் தோல்வி: 0.45 × 0.45 = 0.2025. ஆகவே வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய 80 விழுக்காடாக உயர்கிறது. குழுவில் மூவர் தாக்கினால் மூவருக்கும் இப்பயன் கிட்டும். கள்வரின் மறைதாக்குச் சேதத்திற்கும் சாதக நிலை வழிவகுக்கிறது. மந்திரவாதி ஒரு பகடைச் சேதமும் விளைவிக்கவில்லை. ஆனால் அச்சுற்றின் சேதத்தில் பெரும்பங்கு அவரால் வந்தது. வீழ்த்தியவர் என்ற பெயர் போர்வீரருக்கோ கள்வருக்கோ போகும். அவர்கள் அம்மாலையை நினைவில் வைத்திருப்பார்கள்.

வலைக்கும் குறைகள் உண்டு. இரண்டு உறுதியான பொருட்களுக்கு இடையே கட்டப்படாமலோ தரை, சுவர் போன்றவற்றின்மேல் படராமலோ இருந்தால் அது சரிந்துவிடும். உள்ளே நுழையும் தோழரும் சிக்குவார். தீப்பட்டால் எரியும், சிக்கியவரைச் சிறிது சுட்டு விடுதலையும் செய்துவிடும். தீ மந்திரங்களை விரும்பும் இன்னொருவர் குழுவில் இருந்தால் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

மந்திரங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே வகைத் தடுப்பு வீச்சைச் சார்ந்தவற்றையே நிரப்பாமலிருப்பதும் முக்கியம். வலை, தீப்பந்து, வழுக்கல் ஆகிய மூன்றும் சுறுசுறுப்பைச் சோதிப்பவை. விரைந்து நகரும் எதிரியிடம் மூன்றும் ஒருசேர வலுவிழக்கும்.

பிறர் பணியில் தலையிடாமை

நாக் எனப்படும் பூட்டுத் திறக்கும் மந்திரம் உறுதியாகத் திறக்கும். ஆனால் அதன் ஓசை 300 அடி வரை கேட்கும். கள்வர் தம் கருவிகளால் ஓசையின்றி, ஆற்றல் செலவின்றித் திறப்பார். விதியை வகுத்தவர்கள் கள்வருக்கு விட்டுக்கொடுத்த இடம் இது. குழுவில் கள்வர் இருந்தால் இம்மந்திரத்துக்குச் சுவடியில் இடம் தேவையில்லை. மறையும் மந்திரத்தைத் தன்மீது போட்டுக்கொள்வதைவிட, ஏற்கனவே ஒளிந்து நடப்பதில் தேர்ந்த கள்வர்மீது போடுவது கூடுதல் வெற்றி தரும். பறக்கும் மந்திரமும் அவ்வாறே: எட்டாத உயரத்தில் உள்ள எதிரியிடம் போர்வீரரைக் கொண்டு சேர்ப்பது அவர் கைகளுக்கு வேலை தருவதாகும். இதில் ஒரு கடமையும் உண்டு. மந்திரவாதியின் ஒருமுனைப்பு கலைந்தால் விழப்போவது தோழர். விரைவு மந்திரம் கலைந்தாலும் பயன்பெற்றவர் தம் அடுத்த முறையை இழப்பார். பிறரைத் தாங்கிக்கொண்டிருக்கும் மந்திரவாதி முன்னால் சென்று நிற்கக்கூடாது.

உடற்கட்டு 15 என ஒற்றை எண்ணாக வைத்ததன் பயன் இங்கு தெரியும். நான்காம் நிலையில் அறிவை 18 ஆக உயர்த்துவது வழக்கம். மாறாக, உடற்கட்டை 16 ஆக்கி அதன் தடுப்பு வீச்சில் தேர்ச்சியும் தரும் சிறப்புத்திறன் ஒன்றைக் கொள்ளலாம். அப்போது 10 என்ற இலக்கை எட்டும் வாய்ப்பு 65 இலிருந்து 80 விழுக்காடாகும். தோழர்மீது மந்திரம் தாங்கும் பழக்கமுள்ள ஆட்டக்காரருக்கு இரண்டாவதே மேல்.

துணை உயிரி பற்றித் தனியே கூற வேண்டும். ஆந்தை, பூனை போன்ற வடிவில் வரும் இது தானாகத் தாக்க இயலாது. ஆனால் அருகிலிருந்து உதவி, ஒரு தோழரின் தாக்குதலுக்குச் சாதக நிலை பெற்றுத் தரும். உளவுக்கும் பயன்படும். நூறு அடிக்குள் அதன் கண்களால் பார்க்கலாம், அவ்வேளையில் மந்திரவாதிக்குத் தன் கண்ணும் காதும் இயங்கா. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ஒவ்வோர் அறையையும் ஆந்தையை விட்டே வேவு பார்த்தால், மந்திரவாதியும் ஆட்ட நடத்துநரும் மட்டும் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருக்க, மற்றவர்கள் பகடைகளை அடுக்கி விளையாடுவர். கள்வரை முன்னனுப்பி ஆந்தையை அவருக்குத் துணையாக அனுப்புவது இதற்கு எளிய தீர்வு.

பள்ளிகள்

2014 விதிகளின்படி இரண்டாம் நிலையில் மந்திரவாதி எட்டு மந்திரப் பள்ளிகளுள் ஒன்றைத் தேர்கிறார். குழு நோக்கில் மூன்று குறிப்பிடத்தக்கவை. ஆற்றல் பள்ளியினர், அப்பள்ளி மந்திரத்தின் தரத்துடன் ஒன்று கூட்டிய எண்ணிக்கையில் தோழர்களைத் தம் மந்திரத்திலிருந்து விலக்கிக் காக்கலாம். தீப்பந்தின் நடுவில் நிற்கும் நால்வர் காயமின்றித் தப்புவர். காப்புப் பள்ளியினர் ஆறாம் நிலையில் தம் மந்திர அரணை முப்பது அடிக்குள் உள்ள தோழருக்கு நீட்டலாம்.

நிமித்தப் பள்ளி இவற்றுள் மிகவும் சுவையானது. நெடு ஓய்வு முடிந்ததும் இரண்டு இருபது முகப் பகடைகளை உருட்டி எண்களைக் குறித்து வைக்க வேண்டும். அன்று தன் கண்ணுக்குத் தெரியும் எவருடைய வீச்சுக்கும், அவ்வீச்சு உருட்டப்படுமுன், அவ்வெண்ணை மாற்றாக வைக்கலாம். 19 கிடைத்தால் தோழரின் உயிர்காக்கும் வீச்சுக்கு உதவும். 3 கிடைத்தாலோ இன்னும் நன்று: சமயகுரு தம் மிகச் சிறந்த மந்திரத்தை எதிரித் தலைவன்மீது விடும்போது, அவனது தடுப்பு வீச்சு 3 என அறிவிக்கலாம். பிறர் மந்திரத்தை வெல்ல வைக்கும் இத்தகைய ஆற்றல் இவ்விளையாட்டில் அரிது.

ஓய்வும் பொற்காசும்

மந்திரவாதியின் ஆற்றல் நெடு ஓய்வில் மீள்வது. போர்வீரரும் கள்வரும் நாள் முழுதும் ஏறக்குறைய ஒரே வலிமையுடன் இருப்பர். முதல் சண்டையிலேயே எல்லாவற்றையும் இறைத்துவிட்டு, உறங்கிவிட்டுத் தொடரலாம் என்று கேட்கும் மந்திரவாதி, சமநிலை முழுவதையும் தன் பக்கம் சாய்த்துக்கொள்கிறார். 2014 ஆம் ஆண்டின் நடத்துநர் கையேடு ஒரு நாளில் ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடினமான மோதல்களைக் கருத்தில் கொண்டது. சிறு மோதல்களைச் செலவில்லாச் சிறுமந்திரங்களால் கடப்பதே அக்கணக்கிற்குப் பொருந்தும்.

கண்டெடுத்த மந்திரத்தைச் சுவடியில் படியெடுக்க, அதன் தரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரமும் 50 பொற்காசுகளும் தேவை. மூன்றாம் தர மந்திரத்துக்கு ஆறு மணி நேரம், 150 பொற்காசு. போர்வீரர் கனவு காணும் முழுத்தகட்டுக் கவசத்தின் விலை 1,500. பொதுப் பணத்திலிருந்து பத்து மந்திரங்களைப் படியெடுத்த பின், கவசம் ஏன் இன்னும் வாங்கப்படவில்லை என்ற கேள்வி எழுவது இயல்பு.

2024 ஆம் ஆண்டுத் திருத்தம்

2024 இல் வெளியான திருத்திய ஆட்டக்காரர் கையேட்டில் பள்ளித் தேர்வு மூன்றாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. ஆயத்தம் செய்யும் மந்திரங்களின் எண்ணிக்கை அறிவைச் சாராமல் அட்டவணையால் வரையறுக்கப்பட்டது. துயில் மந்திரம் விவேகத் தடுப்பு வீச்சுக்கும் ஒருமுனைப்புக்கும் உட்பட்டதுடன், யாரைப் பாதிக்க வேண்டும் என்பதை மந்திரவாதியே தேர்ந்தெடுக்கலாம் என்றும் ஆனது. காயப்பட்ட தோழர் முதலில் உறங்கும் இடர் இதனால் நீங்கியது. ஆற்றல் பள்ளியின் தோழரைக் காக்கும் திறன் ஆறாம் நிலைக்கு நகர்த்தப்பட்டது. தீப்பந்து ஐந்தாம் நிலையிலேயே கிடைப்பதால், இடைப்பட்ட ஒரு நிலை முழுவதும் தோழர்கள் விலகி நிற்கும் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

2014 விதிகளின் அடிப்படைத் தொகுப்பு 2023 சனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. அதில் மந்திரவாதி வகை உண்டு; பள்ளிகளுள் ஆற்றல் பள்ளி மட்டுமே இடம்பெற்றுள்ளது. துயில், வழுக்கல், வலை, தீப்பந்து, துணை உயிரியை அழைத்தல் ஆகிய மந்திரங்களின் முழு விதிகளையும் அத்தொகுப்பிலேயே படிக்கலாம்.